போக்கிடம் இல்லாத குழாய்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர், பொறியாளர், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவரின் கவனத்திற்கும்,

சென்ற வாரம் எங்கள் வீதியில் வீடு வீடாக ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வார்டில் பாதாளச் சாக்கடைப் பணி முடிவடைந்துவிட்டது, முப்பது நாளுக்குள் டெபாசிட் கட்டி இணைப்புப் பெற வேண்டும், தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தை நான் கையில் வாங்கியபோது என் வாசலுக்கு எதிரே உள்ள மேன்ஹோல் மூடியின் மேல் மூன்று மணல் மூட்டைகள் கிடந்தன. நாங்களே அடுக்கி வைத்தவை. பெருமழை வந்தால் அந்த மூடி எழும்பும், உள்ளே இருப்பது வெளியே வரும். போன ஐப்பசியில் இருந்து இப்படித்தான் இருக்கிறோம்.

குழாய் பதித்திருக்கிறீர்கள், உண்மை. மேன்ஹோல் கட்டியிருக்கிறீர்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்தக் குழாயில் விழும் தண்ணீர் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. பள்ளத்தோரம் கட்ட வேண்டிய கழிவுநீரேற்று நிலையத்துக்கு இதுவரை ஒரு கல் வைக்கவில்லை. அதற்கு நிலமே கைக்கு வரவில்லை. அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டிய குழாயும் பாதியில் நிற்கிறது. அப்படியிருக்க, எதை வைத்து வேலை முடிந்தது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டீர்கள்?

நான் பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம் வைத்திருக்கிறேன். வீட்டை ஒட்டிய ஷெட்டில் பதினான்கு மெஷின்கள், திருப்பூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். அதற்கு முன் பதினோரு வருடம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தேன். செக்கிங்கில் சேர்ந்து, கடைசி நான்கு வருடம், ஓர் ஆர்டரை முதலில் இருந்து கடைசி வரை பொறுப்பேற்று நடத்தும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாக. பொறியியல் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு வேலையை எப்படித் திட்டம் போட்டு, எப்படி நடத்தி, சொன்ன தேதிக்கு முடிப்பது என்பதை இந்தப் பக்கத்தில் பனியன் தொழில் பார்ப்பவர்கள் சோறு போலத் தெரிந்து வைத்திருக்கிறோம். அந்த அறிவில் இருந்துதான் பேசுகிறேன்.

ஓர் ஆர்டர் கையில் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது கப்பல் தேதியை. தூத்துக்குடியில் கன்டெய்னர் என்றைக்கு உள்ளே போக வேண்டும்? அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவோம். பாக்கிங்குக்கு இத்தனை நாள், அதற்கு முன் அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங். அதற்கும் முன் துணியைச் சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங், சாயம், துணி பின்னும் நிட்டிங், நூல். இப்படிக் கடைசியில் இருந்து எண்ணிக்கொண்டு வந்தால்தான் நூலை இன்றைக்கே வாங்கியாக வேண்டுமா, அடுத்த வாரம் வாங்கினால் போதுமா என்று தெரியும். அப்புறம், ஷேடு அப்ரூவல், அதாவது சாயத்தின் நிறம் சரி என்ற ஒப்புதல் வராமல் துணியை வெட்ட மாட்டோம். துணி வந்து கிடக்கும், மெஷின் சும்மா நிற்கும், கட்டிங் மாஸ்டர் டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார், முதலாளி பத்துத் தடவை போன் செய்வார். இருந்தாலும் வெட்ட மாட்டோம். வெட்டிய துணியை மறுபடி ஒட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். அந்த ஒரு செலவில் ஆர்டரின் லாபம் முழுக்கப் போய்க் கைக்காசும் சேர்ந்து போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு பயம்.

எங்கள் ஊரில் நீங்கள் செய்தது அப்ரூவல் இல்லாமல் துணியை வெட்டிய வேலை.

இதைக் கோபத்தில் சொல்லவில்லை, காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். குழாய் பதிக்க ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு கொடுத்த தேதி என்ன? நீரேற்று நிலையத்துக்கு நிலம் கேட்டு முதல் கடிதம் எழுதிய தேதி என்ன? வந்த பதிலின்படி வேலை உத்தரவு 2022 பிப்ரவரி. நிலத்துக்கான முதல் கடிதம் 2023 அக்டோபர். நடுவில் இருபது மாதம். அந்த இருபது மாதத்தில்தான் எங்கள் ஊரின் பெரும்பாலான வீதிகளைத் தோண்டினீர்கள்.

நிலத்துக்காரரையும் எனக்குத் தெரியும். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்று உங்கள் அலுவலகத்தில் அவர்மேல்தான் குறை சொன்னார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். "முன்னாடியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா உக்காந்து பேசியிருக்கலாமுங்க அம்மிணி. ஊரு பூராக் குழாயப் போட்டுட்டு வந்து, உன்னாலதான் நிக்குதுன்னா நான் என்ன பண்றது?" என்றார். அவர் கேட்பது நியாயம். கடைசியில் போய்க் கேட்கும் எவருக்கும் பேரம் பேச இடம் இருக்காது. கேட்கப்பட்டவருக்கும் கௌரவமாக ஒத்துக்கொள்ள வழி இருக்காது.

தானாக ஓடும் சாக்கடைக்குச் சரிவுதான் உயிர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 150 மில்லிமீட்டர் குழாய் என்றால் ஏறக்குறைய 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் வேண்டும். நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு தங்காது. சிவில் படித்த என் அண்ணன் மகன் நாடு முழுவதும் பின்பற்றும் கையேட்டைக் காட்டி எனக்கு இதை விளக்கினான். அவனே இன்னொன்றும் சொன்னான். இந்த வேலையைப் பள்ளத்துக் கடைசியில் தொடங்கி மேட்டைப் பார்த்துத்தான் பதித்துக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் லெவல் தப்பாது, பதித்த பகுதியை அப்போதைக்கு அப்போதே ஓட்டிப் பார்க்கவும் முடியும். எங்கள் ஊரில் மேட்டு வீதியில் தொடங்கினீர்கள். அங்கே வீதி அகலம், மண் இளக்கம், மீட்டர் கணக்குச் சீக்கிரம் ஏறும், பில்லும் சீக்கிரம் ஏறும். கஷ்டமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளினீர்கள்.

அந்தக் கஷ்டமான பகுதி எங்கள் வீதி. எஸ்டிமேட்டில் இங்கே வெறும் மண் என்று போட்டிருக்கிறது. நாலடிக்குக் கீழே பாறை. இந்தப் பக்கத்தில் கிணறு வெட்டிய எந்தக் குடும்பத்தைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எங்கள் தாத்தா கிணறு வெட்டியபோது பாறைக்கு வெடி வைத்த கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். வீதிக்கு இரண்டு சோதனைக் குழி போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். பார்க்காததால் மூன்றாவது வாரம் பாறை தட்டியது. ரேட் கட்டுப்படி ஆகாது என்று ஒப்பந்ததாரர் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திருத்திய எஸ்டிமேட்டுக்கு மேலிடத்து ஒப்புதல் வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் வீதி நடுவில் குழி திறந்தே கிடந்தது. என்னிடம் செக்கிங் பார்க்கும் பெண் பொழுதோட டிவிஎஸ்ஸில் வீட்டுக்குப் போகையில் அதில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஒன்பது வாரம் வேலை இல்லை. பீஸ் ரேட்டில் இருப்பவளுக்கு ஒன்பது வாரம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன். அவள் யாரிடமும் நஷ்டஈடு கேட்கவில்லை, கேட்கலாம் என்றே அவளுக்குத் தெரியாது.

சரி, ஒரு வழியாகக் குழாய் பதிந்தது, மேலே தார் ரோடும் போட்டீர்கள். குழியை மூடும்போது அடுக்கு அடுக்காக மண் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். அள்ளிக் கொட்டி, லாரியை இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கே ரோடு நெடுக உள்வாங்கியது. இது சின்ன விஷயம், இதை விட்டுவிடுகிறேன்.

போன ஐப்பசியில் நடந்ததை மட்டும் விட முடியாது. மேட்டு வீதியில் சிலர் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்காமல் தாங்களே கழிப்பறைக் குழாயை மேன்ஹோலில் இணைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது தவறு. செப்டிக் டேங்க் நிரம்பிய நேரத்தில் வாசலில் ஒரு புதுக் குழாய் இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தால் மனுஷர்கள் இணைப்பார்கள் என்பதும் எதிர்பார்க்க வேண்டியதுதான். ராத்திரி மழை பிடித்தது. மழைத்தண்ணீரும் சேர்ந்து குழாய் நிரம்பியது. கீழே போக்கிடம் இல்லாததால் பள்ளத்து வீதியில், அதாவது எங்கள் வாசலில் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது. காலையில் ஷெட்டைத் திறந்தபோது கணுக்கால் உயரத்துக்கு நின்றது. கட்டிங் முடிந்து தைக்க வைத்திருந்த 1,400 பீஸ் தரையோரப் பெட்டிகளில் இருந்தது. குழந்தைகள் உடுப்பு. அதைத் துவைத்துக் கொடுக்கவா முடியும்? அத்தனையும் எரித்தோம். துணிக் காசை கம்பெனி என் கூலியில் பிடித்தது, ஆறு மாதமாக இன்னும் பிடிக்கிறது.

பெரியவர் ஒருவர் வீதி முனையில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பள்ளத்துக்கு வந்த தண்ணி தானா மேட்டுக்கு ஏறிரும்னு நினைச்சாங்களாக்கும்?" என்றார். நீரேற்று நிலையம் எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் ஒரு மேற்பார்வையாளர் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கயிறு, ஒரு மூங்கில் கழி, ஒரு வாளி. அதில் சின்னப் பையன், இருபத்து மூன்று வயதுகூட இருக்காது, சட்டையைக் கழற்றி எங்கள் வேலியில் மாட்டினான். உள்ளே இறங்கப் போகிறான் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இறங்க விடவில்லை. மூடி மேல் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஏறி நின்றுகொண்டோம். "அஞ்சு நிமிஷ வேலைங்க" என்றார் மேற்பார்வையாளர். பாதுகாப்பு ஏதும் இல்லாமல் சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்துபோகிறவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீரேற்று நிலையத்துக்கு நிலம் கேட்க இருபது மாதம் தாமதித்ததன் கடைசி நுனியில் அந்தப் பையனின் உயிர் நின்றது. அந்தச் சட்டை வேலியில் ஆடியது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பெரிய திட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களில் ஒருவர் சொன்னார். பெரிய திட்டங்களை நாங்களும் பார்த்தவர்கள்தான்.

அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்கு எங்கள் அப்பா தலைமுறை கோரிக்கை வைத்தது. உண்ணாவிரதம் இருந்தவர்கள் உண்டு. 2019இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கி வைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் இருந்து உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்களில் படிப்படியாக மேடேற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய். அங்கேயும் பெரும்பகுதி வேலை ஆன பிறகு பவானிப் பக்கத்துச் சில கிலோமீட்டர் நிலத்துக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. ஆக நிலம்தான் திட்டத்தின் கழுத்து என்பதற்கு நம் கண்முன்னே பாடம் இருந்தது. ஆனால் அங்கே ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். திறப்பதற்கு வெகுநாள் முன்பே, 2023இலேயே வெள்ளோட்டம் விட்டார்கள். எங்கெங்கே கசிகிறது, எங்கே குழாய் உடைகிறது, எந்தக் குட்டைக்குத் தண்ணீர் வரவில்லை என்று பார்த்துச் சரிசெய்துகொண்டே போனார்கள். எங்கள் ஊரில் வெள்ளோட்டம் எங்கே? மழைதான் வெள்ளோட்டம் விட்டது, என் ஷெட்டுக்குள்.

கடைசியைப் பார்க்காமல் தொடங்கியதற்கு இன்னொன்று ஒரத்துப்பாளையம். 1992இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய அணை. மேலே திருப்பூரில் சாயத்தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் இங்கேதான் வந்து தேங்கும் என்ற கணக்கு திட்டத்தில் இல்லை. கொஞ்ச வருடத்தில் அணையில் நின்றது சாயக்கழிவு. அதைக் குடித்த நிலமும் கிணறும் கெட்டன. விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நான் செக்கிங்கில் இருந்தேன். துணி வராமல் டேபிள்கள் காலியாக இருந்த அந்த மாதங்களில் வாரச் சம்பளம் பாதியானது. விவசாயியையும் சொல்ல முடியாது, எங்களையும் சொல்ல முடியாது. தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று முதலில் யோசிக்காததன் விலையை இரண்டு பக்கமும் கொடுத்தோம்.

காலிங்கராயன் வாய்க்காலை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இன்றைக்கும் ஓடுகிறது. பாம்பு ஊர்ந்த தடத்திலேயே வெட்டினார்கள் என்று கதை சொல்வோம். நிலத்தின் மட்டம் போகிற போக்கில் வளைந்து வளைந்து கொண்டுபோய், கடைசி வயலுக்கும் தண்ணீர் சேரும்படி பார்த்துப் பார்த்து வெட்டிய கை அது. அந்த வாய்க்கால் ஓடும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு நமக்கு லெவல் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்களிடம் வேலை செய்கிறவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. இந்த நான்கு வருடத்தில் பொறியாளர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒருவர் தொடங்கினார், ஒருவர் பில் போட்டார், இப்போது இருப்பவர் எங்கள் புகாரை வாங்கிக்கொள்கிறார். முழு வேலைக்கும் இன்னார் பொறுப்பு என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எங்கள் தொழிலில் ஓர் ஆர்டருக்கு ஒரு மெர்ச்சண்டைசர். நூல் லேட், சாயம் லேட், கரண்ட் இல்லை, எது ஆனாலும் கேள்வி அவரிடம் வரும். அவர் லீவில் போனால்கூட இன்னொருவர் கையில் முழு விவரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். இது பெரிய வித்தை இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வேலை எவ்வளவு ஆனது என்பதை நீங்கள் மீட்டரில் அளக்கிறீர்கள். மன்றத்தில் வைத்த அறிக்கையில் 92 சதவீதம் முடிந்தது என்று இருந்ததாம். எங்கள் பக்கத்தில் ஸ்லீவ் வைத்து, காலர் வைத்து, பட்டன் மட்டும் வைக்காத சட்டையை யாரும் 92 சதவீதம் என்று பில் போட மாட்டார்கள். பெட்டியில் போட்டு ஒட்டி, இன்ஸ்பெக்‌ஷன் ஆள் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது ஒரு பீஸ்.

நான் கேட்பவை இவை.

முதலில், டெபாசிட் நோட்டீசைத் திரும்பப் பெறுங்கள். நீரேற்று நிலையம் ஓடி, எங்கள் வீதித் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் போய்ச் சேரும் நாளுக்குப் பிறகு கேளுங்கள், மறுபேச்சுப் பேசாமல் கட்டுகிறோம். குடிநீரைத் துண்டிப்போம் என்ற வரியை எழுத்தில் ரத்து செய்ய வேண்டும்.

நிலத்துக்காரருடன் ஆணையரே நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு எந்த நிலையில் இருக்கிறது, அந்த இடம் கிடைக்காவிட்டால் மாற்று இடம் எது என்பதை மாதம் ஒருமுறை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நிலம் கைக்கு வரும்வரை புது வீதி எதையும் தோண்ட வேண்டாம். இன்னும் தோண்டாத மூன்று வார்டுக்காரர்களும் என்னிடம் இதைத்தான் சொல்லச் சொன்னார்கள்.

ஐப்பசி மழைக்கு முன், அதாவது புரட்டாசிக்குள், பள்ளத்து வீதி மேன்ஹோல்களில் தேங்கியிருப்பதை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மேட்டு வீதியில் தாங்களாக இணைத்தவர்களுக்கு வழி சொல்லி, அந்த இணைப்புகளைத் தற்காலிகமாக அடைக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. ஒப்பந்ததாரர் இறக்கினாலும் பொறுப்பு நகராட்சியுடையது என்று எழுதிக் கொடுங்கள்.

ஒப்பந்ததாரருக்கு இறுதி பில் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். வீதி வீதியாக வெள்ளோட்டம் விட்டு, தண்ணீர் மேல் மேன்ஹோலில் இருந்து கீழ் மேன்ஹோலுக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறது, எங்கே தேங்குகிறது என்று வீதிக்காரர்கள் இரண்டு பேர் முன்னிலையில் பார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகு கொடுங்கள். எங்கள் வீதிக்கு நான் வருகிறேன். தேதியை மட்டும் இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு வருவேன்.

இந்தத் திட்டம் முடியும்வரை ஒரே பொறியாளரைப் பொறுப்பில் வைத்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் வீதிக்கொரு பலகையில் எழுதுங்கள். அவரை மாற்ற வேண்டி வந்தால் அடுத்தவர் வந்து கையேற்றுக்கொண்டார் என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள்.

இதையெல்லாம் பேச எங்கள் வார்டின் பகுதி சபையை, அதாவது குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தைக் கூட்டுங்கள். உள்ளாட்சி நாளான நவம்பர் 1 வரை காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை, அதற்குள் மழை வந்துவிடும். ஆவணி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீதியிலேயே, அந்த மூன்று மணல் மூட்டைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுத் தருகிறோம். எந்த ஞாயிறு என்று பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்து வீதியில் பவர்டேபிள் வைத்திருக்கும் ஒரு வரி கட்டுபவள்